2002இல் 3642, 2022இல் 3682: இருபது ஆண்டுகளில் நாற்பது புலிகள்தாமா கூடின?

பொருநைவாசகன் (கேள்வி):
பள்ளி மாணவர்களுக்குப் பொது அறிவுக் குறிப்பு ஒன்றைத் தயாரிக்கும்போது எழுந்த ஐயம் இது. 2001-02 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 3642 புலிகள் இருந்தன என்று பழைய ஆண்டு மலர் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. 2006இல் 1411 என்கிறார்கள், 2022இல் 3682. முதல் இரண்டை மட்டும் பார்த்தால் நான்கைந்து ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புலிகள் மடிந்திருக்க வேண்டும். முதலையும் கடைசியையும் பார்த்தால் இருபது ஆண்டுகளில் கூடியவை நாற்பதே. இரண்டுமே நம்பும்படியாக இல்லை. போதாக்குறைக்கு, 2023 ஏப்ரலில் 3167 என்று அறிவித்துவிட்டு ஜூலையில் அதையே 3682 என்றார்கள். மாணவர்களிடம் எதைச் சொல்வது?

கடமான்:
ஐயா, 3642ஐ மற்ற எண்களோடு ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். அது காலடித்தடங்களைக் கொண்டு போட்ட கணக்கு. தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்தும், சாந்து ஊற்றி அச்செடுத்தும், வடிவத்தைப் பார்த்து ‘இது வேறு புலி’ என்று பிரித்தார்கள். ஈர மணலில் நடந்த புலியே காய்ந்த புழுதியில் நடந்தால் இன்னொரு புலியாகிவிடும் வாய்ப்பு அதில் இருந்தது. அதைவிடப் பெரிய கோளாறு, ஒவ்வொரு காப்பகமும் தன் எண்ணிக்கையைத் தானே சொல்லிக்கொண்டதுதான். தம் காட்டில் புலி குறைந்துவிட்டது என்று எழுதிக்கொடுக்க எந்த அதிகாரிக்கு மனம் வரும்? ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005 வாக்கில் வெளிப்பட்டபோது, ஏட்டில் அவை உயிரோடுதான் இருந்தன. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே புலிப் பணிக்குழு அமைந்தது, 2006இல் சட்டத்தைத் திருத்தித் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தை ஏற்படுத்தினார்கள், எண்ணும் முறையும் மாறியது. ஆகவே 3642க்கும் 1411க்கும் இடையிலான இடைவெளியில் வேட்டைக்குப் பலியானவை எத்தனை, முதலிலிருந்தே இல்லாதவை எத்தனை என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போதைய முறைக்கு ஆதாரம் புலியின் வரிகள். நம் கைரேகை போல அவை ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதில்லை. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறுவேறு என்பதால், காட்டுப் பாதையின் இருபுறமும் எதிரெதிராகத் தானியங்கிக் கேமராக்களைக் கட்டுகிறார்கள். 2022 கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமரா வைத்ததில், ஓராண்டு வயதைக் கடந்த 3080 தனித்தனிப் புலிகள் படத்தில் சிக்கின. சிக்காதவையும் காட்டில் இருக்குமல்லவா? அவற்றைப் புள்ளியியல் வழியே மதிப்பிடும்போது ஒற்றை எண் கிடைக்காது, ஒரு வரம்புதான் கிடைக்கும். ஏப்ரலில் சொன்ன 3167 குறைந்தபட்ச எண்ணிக்கை, ஜூலையில் சொன்ன 3682 சராசரி, மேல்வரம்பு 3925. இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே முரண் இல்லை.

திம்பம் வழிப்போக்கர்:
கடமான் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் 2006க்குப் பிந்தைய எண்களையும் அப்படியே ஏணிப்படி போல அடுக்கிவிட முடியாது. 2006 கணக்கில் சுந்தரவனம் சேரவில்லை; 2010இன் 1706இல் அது சேர்ந்தது. 2018க்கு முன்பு ஒன்றரை வயதைக் கடந்த புலிகளை மட்டுமே எண்ணினார்கள். பிறகு ஓராண்டு கடந்தவற்றையும் எண்ணத் தொடங்கினார்கள். கேமரா கூடுதலாக வைத்த காட்டில் கூடுதல் புலி தென்படுவதும் இயல்பு. தமிழ்நாட்டுக்கு 2006இல் 76, 2022இல் 306 என்று படித்து மகிழ்கிறோம். உயர்வு உண்மையானது என்றே நானும் கருதுகிறேன், ஆனால் அதில் ஒரு பங்கு நம் பார்வை கூர்மையானதால் வந்தது.

ஒருமுறை தன்னார்வலனாக வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு கணக்கெடுப்புக்கு நடந்திருக்கிறேன். கேமரா கட்டுவதற்கு முந்தைய கட்டம் அது: எச்சம், மரத்தில் நகக்கீறல், காலடித்தடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். காலடித்தடம் இன்றும் பயன்படுகிறது, ஆனால் இங்கே புலி உண்டா இல்லையா என்று அறிவதற்கு மட்டும். அதன்பின் நேர்கோட்டுப் பாதையில் மெதுவாக நடந்து புள்ளிமான், கடமான், காட்டுமாடு எத்தனை, எவ்வளவு தொலைவில் என்று எழுதினோம். எங்கள் கண்ணில் புலி படவே இல்லை. அன்று நாங்கள் எழுதியதெல்லாம் அதன் இரையைப் பற்றித்தான்.

பொருநைவாசகன்:
இருவருக்கும் நன்றி. அட்டவணையை 2006இலிருந்து தொடங்கி, சுந்தரவனம் பற்றியும் வயது வரம்பு பற்றியும் அதன் கீழே குறிப்பு எழுதுகிறேன். 3642ஐ நீக்குவதா?

கடமான்:
நீக்க வேண்டாம். தனியே, காலடித்தடக் கணக்கு என்று சொல்லியே கொடுங்கள்; சரிஸ்காவைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. 3682க்கு அருகில் ‘சராசரி மதிப்பீடு’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.