விண்கலத்தில் வெயிலைக் குவிக்கும் லென்ஸ் எதற்கு?

மண்டபம் மாணவி:
எங்கள் மொட்டைமாடி சோலார் பேனலை நல்ல தண்ணீர் ஊற்றித் துடைப்பது என் வேலை. கடற்காற்று ஓங்கியடித்த மறுநாள் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தால், உப்புப் படலத்தில் கோடு விழும். நேற்று துடைக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. பூதக்கண்ணாடியால் பனையோலையில் தீ மூட்டுவதுபோல, விண்கலத்திலும் வெயிலைக் குவித்து மின்சாரம் எடுக்கிறார்களா? எடுக்க முடியுமென்றால், படங்களில் வெறும் பேனல்களே தெரிவது ஏன்?

தேவிபட்டினம்:
எடுத்திருக்கிறார்கள், தங்கையே. 1998 அக்டோபரில் நாசா ஏவிய டீப் ஸ்பேஸ் 1 கலத்தின் இரண்டு இறக்கைகளிலும் சேர்த்து 720 ஃப்ரெனல் லென்ஸ்கள், அதாவது வரிவரியாகப் பள்ளமிட்ட மெல்லிய லென்ஸ்கள், இருந்தன. ஒவ்வொன்றும் தன்மேல் விழும் வெயிலைக் கீழேயுள்ள, வெயிலை மின்சாரமாக்கும் ஒடுங்கிய செல் வரிசையின்மீது குவித்தது. அப்படிக் கிடைத்த ஏறத்தாழ 2,500 வாட் மின்சாரத்தில் பெரும்பங்கு, மின்னூட்டிய வாயுத் துகள்களை வெளித்தள்ளிக் கலத்தை உந்தும் அதன் அயனி எஞ்சினுக்குப் போனது. விண்வெளிக்கான செல்கள் மிகுந்த விலையுள்ளவை. வெயிலைக் குவித்தால் சிறிதளவு செல்லே போதும். பரப்பு சிறிதென்பதால், கதிர்வீச்சைத் தாங்கத் தடித்த கண்ணாடி போர்த்தினாலும் எடை அதிகம் கூடாது. நம் கரையில் மேகமும் ஈரப்பதமும் சிதறடிக்கும் ஒளியை லென்ஸால் குவிக்க முடியாது. விண்வெளியிலோ வருவதெல்லாம் நேர்வெயில்.

வாலிநோக்கம்:
மேலே சொன்னது சரி. ஆனால் தங்கை கேட்ட இரண்டாவது கேள்வி முக்கியமானது. வெறும் பேனல் சூரியனைவிட்டு 30 பாகை விலகினாலும் ஏறக்குறைய 86 விழுக்காடு மின்சாரம் தரும். லென்ஸ் அந்த அளவு விலகினால் குவிந்த ஒளிக்கோடு செல்லைத் தாண்டி வெளியே விழுந்துவிடும். கலம் திசை தடுமாறும் நேரத்தில்தான் மின்சாரம் மிகவும் தேவைப்படும் என்பதால், இதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை.

அடுத்தது படலம். பேனலின் இருபுறமும் சாய்வான பிரதிபலிப்பான்களை வைத்துப் பறந்த தொடக்ககால போயிங் 702 செயற்கைக்கோள்களில் அந்தப் பரப்புகள் மங்கி, மின்சாரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது. பசையும் பூச்சும் வெற்றிடத்தில் வெளிவிடும் ஆவி, கலத்தின்மீதே படியக்கூடியது. உப்புக்காற்று இல்லாத இடத்திலும் கண்ணாடி மங்குகிறது; துடைக்கத்தான் ஆளில்லை.

மண்டபம் மாணவி:
அப்படியானால் வியாழன்வரை போகும் கலத்துக்கு?

தேவிபட்டினம்:
அங்கே வெயில் நமக்குக் கிடைப்பதில் 27இல் ஒரு பங்குதான். 2011இல் கிளம்பிய ஜூனோ, லென்ஸ் இல்லாமல் மூன்று பெரிய இறக்கைகளைக் கொண்டே, வியாழனருகே சுமார் 500 வாட் எடுத்தது. ஆயினும் மங்கிய வெயிலிலும் கடுங்குளிரிலும் சில செல்கள் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்வதில்லை. குவித்த ஒளி அவற்றுக்கு வெளிச்சத்தையும் சூட்டையும் சேர்த்தே கொடுக்கும். லென்ஸை மறுபடி முயல்வதற்கு ஏற்ற இடம் அதுதான் என்பது என் கருத்து.