விண்டோஸ் 10இலேயே நிக்கவேணும், டெலிமெட்ரியையும் (மைக்ரோசொப்ட்டுக்குத் தரவு அனுப்புறதை) குறைக்கவேணும் – உதவி தேவை

தட்டிவான் (கொக்குவில்):
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில இருக்கிறது கந்தோர் ஒண்டு கழிச்சு வித்த கொம்பியூட்டர். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரம், எஸ்எஸ்டி இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க் தான். விண்டோஸ் 10 புரோ, 22எச்2 பதிப்பு. அப்டேட் பக்கத்தைத் திறந்தா விண்டோஸ் 11 தயார், இறக்குங்கோ எண்டு காட்டுது. எனக்கு இப்ப வேண்டாம். அப்பா அந்தியேட்டிக் கல்வெட்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரில பாமினி எழுத்தில அடிச்சுக் குடுக்கிறவர். அது இதில ஒழுங்கா ஓடுது. மகளுக்கு இந்தமுறை ஏ.எல்., அவவின்ரை சூம் வகுப்பும் இதில தான். சோதினை முடியுமட்டும் ஒண்டையும் குழப்ப விருப்பமில்லை.

இன்னொண்டு. கொம்பியூட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில டிஸ்க் 100% எண்டு நிண்டு எல்லாம் இறுகிப்போகுது. டாஸ்க் மனேஜரில பாத்தா கொம்பட்டபிலிட்டி டெலிமெட்ரி எண்டு ஒண்டு மேல நிக்குது. மாத டேட்டாவும் கெதியா முடியுது. கடைக்காரத் தம்பி ஒருத்தர், எல்லா அப்டேட்டையும் ஒரேயடியா நிப்பாட்டுற புரோகிராம் எண்டு பென்டிரைவில ஒண்டு தந்தவர். போடலாமோ? இன்னும் போடேல்ல.

வடலி:
அண்ணை, அவசரத்துக்கு அப்டேட் பக்கத்தில 'போஸ் அப்டேட்ஸ்' குடுங்கோ, 35 நாள் வரைக்கும் தள்ளலாம். வைஃபை புரொப்பர்டீஸில 'மீட்டர்ட் கனெக்ஷன்' (டேட்டாவை அளந்து பாவிக்கிற இணைப்பு) ஓன் பண்ணிவிட்டா பெரிய டவுன்லோட் தன்பாட்டில இறங்காது.

பூவரசு:
வடலி சொன்னது தற்காலிகத்துக்குச் சரி. ஆனா 35 நாள் முடிய, தேங்கி நிண்ட அப்டேட் எல்லாம் இறங்கின பிறகு தான் திரும்பத் தள்ள விடும். மீட்டர்ட் எண்டது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும். போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினா அதுக்கும் தனியாப் போடவேணும்.

தட்டிவான் அண்ணை, அந்தப் பென்டிரைவில இருக்கிறதைத் தயவுசெய்து போடாதேங்கோ. நீங்கள் நிப்பாட்ட விரும்புறது விண்டோஸ் 11. அது நிப்பாட்டுறது பாதுகாப்பு அப்டேட்டையும் சேத்து. கள்ளன் வாறான் எண்டு படலையைப் பூட்டப்போய் கிணத்தையும் மூடுற வேலை. அப்டேட் சேர்விஸை நிப்பாட்டினா, 'அப்டேட் மெடிக்' எண்ட இன்னொரு சேர்விஸ் அதைத் திரும்ப எழுப்பிவிடும். அதால இப்பிடியான புரோகிராம்கள் உள்ளுக்குப் போய் அனுமதிகளையே மாத்தி வைக்கிறது. பிறகு நீங்கள் விரும்பினாலும் அப்டேட் எடுக்கிறது பெரும்பாடு.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. வீட்டுப் பாவனைக்காரருக்கு நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒண்டு 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் இருக்கு. அப்டேட் பக்கத்திலயே 'என்ரோல் நவ்' எண்டு வரும். முதல் வேலை அதில பதியிறது. மிச்சம் எல்லாம் அதுக்குப் பிறகு.

உங்களிட்டை புரோ இருக்கிறதால 11ஐ மறிக்கிறது சுகம். விண்டோஸ் விசையும் 'ஆர்' (R) விசையும் சேத்து அமத்தி, 'ஜிபிஎடிட் டொட் எம்எஸ்சி' (gpedit.msc) எண்டு அடிச்சு, விண்டோஸின்ரை விதிகளை மாத்துற எடிட்டரான குரூப் பொலிசியைத் திறவுங்கோ. கொம்பியூட்டர் கொன்பிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் கொம்பொனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட், விண்டோஸ் அப்டேட் ஃபோர் பிஸ்னஸ் எண்டு வரிசையா உள்ளுக்குப் போனா 'செலெக்ட் த டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வேர்ஷன்' இருக்கும். அதை எனேபிள் பண்ணி, மேல் பெட்டியில விண்டோஸ் 10, கீழ்ப் பெட்டியில 22எச்2. மாதாமாதம் வாற பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டே இருக்கும், 11 வராது.

டிஸ்க் இறுகிறதுக்குக் காரணம், கொம்பியூட்டர் புது விண்டோஸுக்குத் தோதோ எண்டு ஒவ்வொரு ஃபைலாத் துளாவிற ஒரு வேலை. வேலைகளைத் தன்பாட்டில ஓடவிடுற டாஸ்க் ஷெடியூலரில மைக்ரோசொப்ட், விண்டோஸ், அப்ளிகேஷன் எக்ஸ்பீரியன்ஸ் எண்ட அடுக்குக்குள்ள 'கொம்பட்டபிலிட்டி அப்ரைசர்' எண்டு இருக்கும். வலது கிளிக், டிஸேபிள். ஹார்ட் டிஸ்க்கில ஓடுற கொம்பியூட்டருக்கு வித்தியாசம் உடன தெரியும்.

அலுப்பாந்தி:
பயோஸில (விண்டோஸுக்கு முதல் ஓடுற அடிப்படை செட்டிங்ஸ்) டிபிஎம் எண்ட பாதுகாப்புச் சிப்பை ஓஃப் பண்ணினா காணுமே. 11க்கு டிபிஎம் 2.0 கட்டாயம். அது இல்லையெண்டா கேக்கவே கேக்காது.

பூவரசு:
கேக்காது தான். ஆனா பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) போட்ட கொம்பியூட்டர் எண்டா அடுத்தமுறை எழும்பேக்க அந்தப் பூட்டைத் திறக்கிற ரிகவரி கீ கேட்டு நிக்கும். கந்தோர் கழிச்சு வித்த மெசினில அந்தக் கீ ஆரிட்டை இருக்கோ தெரியாது. பொலிசி இருக்கேக்க பயோஸில கை வைக்கத் தேவையில்லை.

தட்டிவான்:
பூவரசு ரீச்சர், பென்டிரைவை எடுத்து வைச்சிட்டன். பொலிசி போட்டாச்சு, 11 காட்டுறது போயிட்டுது. இப்ப அப்டேட் பக்கத்தில சிவப்பில 'சில செட்டிங்ஸை உங்கட நிறுவனம் நிர்வகிக்குது' எண்டு வருது. பழைய கந்தோரின்ரை பிடி இன்னும் இருக்கோ எண்டு அப்பா பயப்பிடுறார். மற்றது, அந்த நீட்டிப்புத் திட்டத்துக்கு மைக்ரோசொப்ட் கணக்கு கேக்குது. தரவைக் குறைக்கப் போய்க் கணக்குத் திறக்கிறதோ?

பூவரசு:
அந்தச் சிவப்பு வரி நீங்கள் போட்ட பொலிசியாலயே வாறது. அப்பாவைப் பயப்பிடாமல் இருக்கச் சொல்லுங்கோ. பழைய இணைப்பு ஏதும் இருக்கோ எண்டு பாக்க, செட்டிங்ஸில அக்கவுன்ட்ஸுக்குள்ள 'அக்சஸ் வேர்க் ஓர் ஸ்கூல்' திறவுங்கோ. அங்க ஒண்டும் இல்லையெண்டா சரி.

கணக்கு விசயத்தில உங்கட கேள்வி நியாயமானது. செட்டிங்ஸைக் கணக்கோட ஒத்திசைச்சா இலவசம். இல்லாட்டி 30 டொலர், அல்லது 1000 றிவோர்ட்ஸ் புள்ளி. மூண்டுக்கும் கணக்கு வேணும். ஒரு பதிவில 10 கொம்பியூட்டர் வரைக்கும் பாவிக்கலாம். மகள் படிக்கிற, பாங்க் வேலை பாக்கிற மெசின் எண்டா பாதுகாப்பு ஓட்டை அடைபடுறது தான் பெரிசு எண்டு நான் நினைக்கிறன். கணக்கைத் திறந்து பதிஞ்சிட்டு, மற்றப் பக்கத்தில இறுக்குங்கோ.

பிரைவசிக்குள்ள டயக்னொஸ்டிக்ஸ் பக்கத்தில 'ரிக்வயர்ட்' மட்டும் விடுங்கோ, 'டெய்லர்ட் எக்ஸ்பீரியன்சஸ்' ஓஃப். கீழ அனுப்பினதை அழிக்கிற பொத்தானும் இருக்கு. புரோவில முழுசா பூச்சியமாக்கேலாது. அது என்டர்பிரைஸ், எடியுகேஷன் பதிப்புகளுக்குத் தான். இணையத்தில சொல்லுற மாதிரி ஹோஸ்ட்ஸ் ஃபைலில (இணைய முகவரிகளை மறிக்கப் பாவிக்கிற ஃபைல்) மைக்ரோசொப்ட் முகவரிகளை எழுதிப் பூட்டாதேங்கோ. விண்டோஸின்ரை வைரஸ் காவலான டிஃபென்டர் அதை ஆபத்து எண்டு பிடிச்சுப் பழையபடி ஆக்கிப்போடும்.

டேட்டாவுக்கு, செட்டிங்ஸில அப்டேட் பகுதிக்குள்ள டெலிவரி ஒப்டிமைசேஷனைப் பாத்தனீங்களோ? நீங்கள் இறக்கின அப்டேட்டை இணையத்தில மற்றாக்களுக்கும் ஏத்திக் குடுக்கிற வசதி அது. 'அக்டிவிட்டி மொனிட்டர்' திறந்தா இந்த மாதம் எவ்வளவு ஏறினது எண்டு காட்டும்.

தட்டிவான்:
பாத்தன், ஏறியிருக்கு. ஓஃப் பண்ணியாச்சு. அப்ரைசரையும் நிப்பாட்டினன், விடிய வகுப்புக்குப் போடேக்க இறுகேல்ல. மெத்தப் பெரிய உபகாரம் ரீச்சர்.

முற்றத்துவேம்பு:
என்னட்டை விண்டோஸ் 10 ஹோம். குரூப் பொலிசி எண்டு ஒண்டும் வருதில்லை. நான் என்ன செய்ய?

பூவரசு:
ஹோமில அந்த எடிட்டர் இல்லை. நீங்கள் வடலி சொன்ன மீட்டர்டைப் போட்டு, 11 கேக்கேக்க 'ஸ்டே ஒன் விண்டோஸ் 10 ஃபோர் நவ்' எண்டதை அமத்துங்கோ. நீட்டிப்புத் திட்டத்தில பதியலாம், ஹோமுக்கும் அது இருக்கு. அப்ரைசர், டெலிவரி ஒப்டிமைசேஷன் ரெண்டும் உங்களுக்கும் அதே இடத்தில தான்.