கம்ப்ரசரை மிதித்தால் உஸ் என்று இரைகிறது, அடியும் மழுங்குகிறது

ஆறுகம்பி_சிப்புட்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் பசங்களின் மெல்லிசைக் குழுவில் கிட்டார் நான்தான். அடுத்த மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு ராத்திரி மேடை எங்களுக்கு.

கிட்டார் ஸ்ட்ராட் மாடல், மூன்று பிக்கப்பும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். வரிசை இப்படி: கிட்டார், ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்), கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் பெடல்), டிஜிட்டல் டிலே (எதிரொலி பெடல்), அப்புறம் ஆம்ப். எல்லாவற்றுக்கும் ஒரே 9 வோல்ட் அடாப்டர், கிளை பிரியும் வயர். கம்ப்ரசரை ஈப்போவில் செகண்ட்ஹேண்டில் 120 வெள்ளிக்கு வாங்கினேன். லெவல், டோன், அட்டாக், சஸ்டெய்ன் என்று நாலு குமிழ்.

வாசிக்கும்போது பரவாயில்லை. கையை எடுத்ததும் உஸ்ஸ் என்று ஓர் இரைச்சல் மெல்ல மேலே ஏறி வருகிறது, அதற்குள்ளே கீச்சென்று ஒரு சத்தமும் கேட்கிறது. இன்னொன்று, பிக் கம்பியில் படும் அந்த 'டக்' காணாமல் போய்விட்டது. பாட்டுக்கு நடுவில், வரிகளுக்கு இடையே வாசிக்கும் சின்ன ஃபில்லெல்லாம் தபேலாவுக்குள்ளே புதைந்துவிடுகிறது. பெடல் கெட்டுப்போனதா? திருப்பிக் கொடுக்கலாமா?

கூலிம்_லீட்:
தம்பி, அவசரப்பட்டுத் திருப்பாதீங்க. சஸ்டெய்ன் குமிழ், கடிகார முள் கணக்கில், எத்தனை மணியில் இருக்கிறது? ஓவர்டிரைவை ஆஃப் பண்ணினாலும் இரைகிறதா?

ஆறுகம்பி_சிப்புட்:
சஸ்டெய்ன் முழுக்க வலப்பக்கம் அண்ணே. அட்டாக் இடக்கடைசியில். ஓவர்டிரைவை ஆஃப் பண்ணினால் இரைச்சல் குறைகிறது, ஆனால் போகவில்லை. கீச் மட்டும் அப்படியே இருக்கிறது.

சவுண்ட்செட்_மாமா:
அப்படியென்றால் பெடல் வேலை செய்கிறது, கொஞ்சம் அதிகமாகவே செய்கிறது. கம்ப்ரசரை, மிக்சரில் ஒரு ஆள் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரில் கைவைத்து உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்க. நீங்க ஓங்கி அடித்தால் இறக்குவான், சத்தம் தேய்ந்தால் ஏற்றுவான். கையை எடுத்துவிட்டால் அவனுக்கு ஏற்றுவதற்கு மிச்சம் இருப்பது இரைச்சல்தான்.

கணக்கில் சொல்வதென்றால், விகிதம் 4:1 என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசர் பிடிக்கத் தொடங்கும் எல்லைக்கு மேலே 8 டெசிபல் போகிற ஒலி, வெளியே வரும்போது 2 டெசிபல்தான் மேலே நிற்கும். பறிகொடுத்த அந்த 6 டெசிபலைத்தான் லெவல் குமிழால் திரும்ப ஏற்றுகிறோம். ஏற்றும்போது அடியில் கிடக்கிற உஸ்ஸும் கூடவே ஏறும். நசுக்கும் அளவைக் கூட்டுகிற சஸ்டெய்னை முழுக்கத் திருப்பினால் இந்த வித்தியாசம் 20 டெசிபலையும் தாண்டலாம். எந்த நல்ல பெடலாக இருந்தாலும் அந்த நிலையில் இரையும்.

ஓவர்டிரைவ் முன்னால் இருப்பதுதான் பெரிய காரணம். அது கிட்டாரின் ஹம்மையும் (ம்ம்ம் என்ற உறுமல்) தன்னுடைய இரைச்சலையும் பெரிதாக்கிக் கொடுக்கிறது, கம்ப்ரசர் அதை மறுபடியும் தூக்குகிறது. கம்ப்ரசரை முதலில் வையுங்க. கிட்டார், கம்ப்ரசர், ஓவர்டிரைவ், டிலே. ஓவர்டிரைவ் தன் பங்குக்கு ஒலியை ஏற்கெனவே நசுக்கும், அதற்குப் பின்னால் இன்னொரு நசுக்கல் அனேகமாகத் தேவைப்படாது.

பந்திங்_ரிதம்:
எனக்கு ஹம் வந்தபோது ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டேன், அமைதியாகிவிட்டது. முயற்சி பண்ணிப் பாருங்க.

சவுண்ட்செட்_மாமா:
வேண்டவே வேண்டாம். இது 240 வோல்ட். எர்த் இல்லாத ஆம்ப்பில் உள்ளே ஏதாவது பழுதானால் கிட்டார் கம்பியிலேயே மின்சாரம் நிற்கும். நீங்க வாயை மைக்குக்குக் கொண்டுபோகிறீங்க, மைக் எர்த்தில் இருக்கிறது. ஈரக் காலோடு கோயில் மேடையில் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்க. மேடை லைனில் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று வயர்மேனிடம் முன்னாடியே கேளுங்க. ஹம்மை நிறுத்த எர்த்தைக் கழற்றுகிற பழக்கத்தை யார் சொல்லிக் கொடுத்திருந்தாலும் விட்டுவிடுங்க.

பந்திங்_ரிதம்:
சரி மாமா, திரும்பப் போட்டுவிடுகிறேன்.

கூலிம்_லீட்:
கீச்சுக்கு வருகிறேன். டிலேக்குள்ளே இருப்பது டிஜிட்டல் சுற்று. அந்தச் சுற்றை இயக்கும் க்ளாக் துடிப்பின் ஓசை ஒரே அடாப்டர் வயர் வழியாக மற்ற பெடல்களுக்குள் ஏறிவிடும். சோதிக்க எளிய வழி, கம்ப்ரசருக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போடுங்க. கீச் நின்றால் குற்றம் கம்ப்ரசர் மேல் இல்லை. கம்ப்ரசர் பெடல்கள் இழுப்பது சில மில்லியாம்பியர்தான், பேட்டரி நெடுநேரம் ஓடும். வாசித்து முடித்ததும் உள்ளே போகிற ஜாக்கைக் கழற்றிவிட வேண்டும், பெரும்பாலான பெடல்களில் அதுதான் பேட்டரி சுவிட்ச்.

ஆறுகம்பி_சிப்புட்:
நேற்று ராத்திரி லயத்து வாசலிலேயே சோதித்தேன், பக்கத்து வீட்டு ஆயா திட்டினாலும் பரவாயில்லை என்று. பேட்டரி போட்டதும் கீச் சுத்தமாக நின்றுவிட்டது. கம்ப்ரசரை முன்னால் மாற்றினதும் உஸ் பாதிக்கும் கீழே. சஸ்டெய்னை 11 மணிக்குக் கொண்டுவந்தால் பாட்டுக்கு நடுவில் கேட்கவே இல்லை. அந்த 'டக்' மட்டும் இன்னும் வரவில்லை.

ஈப்போ_ஸ்டூடியோ:
அட்டாக் என்பது, கம்ப்ரசர் எவ்வளவு சீக்கிரம் பாய்ந்து பிடிக்கிறது என்பதைக் குறிக்கும். உடனே பிடித்தால் பிக் படும் அந்த முதல் நொடித்துளியே நசுங்கிவிடும். கொஞ்சம் தாமதித்துப் பிடித்தால் 'டக்' தப்பித்துப் போகும், பிறகு வருகிற நீளமான நாதம் மட்டும் சமனாகும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

குமிழ் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது பெடலுக்குப் பெடல் மாறும். ஸ்டூடியோவில் புழங்கும் 1176 என்ற கம்ப்ரசரில் வலப்பக்கம் திருப்பத் திருப்ப வேகம் கூடும், புதிதாக வருகிறவர்கள் எல்லாம் அங்கே குழம்புவார்கள். டைனா காம்ப் என்ற கம்ப்ரசர் பெடல் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, பழைய மாடலில் இருப்பது அவுட்புட், சென்சிடிவிட்டி இரண்டு குமிழ்தான். நீங்க இடக்கடைசியிலிருந்து மெல்ல வலப்பக்கம் திருப்பிக்கொண்டே ஒரே கம்பியை ஒரே அளவில் அடியுங்க. 'டக்' எங்கே திரும்புகிறதோ அங்கே நிறுத்துங்க.

இன்னொன்று. லெவலை, பெடல் ஆனிலும் ஆஃபிலும் ஒரே உரப்பில் கேட்கும்படி வையுங்க. காதுக்குச் சத்தம் கூடினதெல்லாம் நல்லதாகவே படும். உரப்பைச் சமப்படுத்திவிட்டுக் கேட்டால்தான் கம்ப்ரசர் என்ன செய்கிறது என்று தெரியும்.

ஆறுகம்பி_சிப்புட்:
வந்துவிட்டது அண்ணே! அட்டாக் ஒரு மணி பக்கம். ஃபில் இப்போது தபேலாவுக்கு மேலே கேட்கிறது. ஆனால் கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஓவர்டிரைவ் முன்புபோல் சுத்தமாகவில்லை. இது என்ன?

ஈப்போ_ஸ்டூடியோ:
முன்னால் கம்ப்ரசர் வைத்ததற்குக் கொடுக்கிற விலை அது. நீங்க குறைத்ததை அது ஏற்றிவிடுகிறது. ஓவர்டிரைவ் பாட்டுக்குக் கம்ப்ரசரை அணைத்துவிடுங்க. சோலோவில் நாதம் நீளமாக வேண்டும் என்றால் மட்டும் இரண்டையும் சேர்த்து மிதியுங்க. வால்யூம் பெடல் பிற்பாடு வாங்கினாலும் கம்ப்ரசருக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் இதே கதைதான்.

கூலிம்_லீட்:
என்னைக் கேட்டால் மெல்லிசைக்குச் சுத்தமான ஆர்பெஜியோவில் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) மட்டும் கம்ப்ரசர் போதும், மற்ற நேரமெல்லாம் ஆஃப். பாட்டு முழுக்க மிதித்தே வைத்திருக்கிறவர்களுக்கு மெல்ல அடிப்பதும் ஓங்கி அடிப்பதும் ஒன்றாகவே ஒலிக்கும். பாடகி தாழ்வாகப் பாடும் இடத்தில் கிட்டார் இறங்காமல் நிற்கும்.

பந்திங்_ரிதம்:
அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரிதம் கிட்டாருக்கு எப்போதும் ஆனில் இருந்தால்தான் கை சீராகக் கேட்கும், சஸ்டெய்ன் 9 மணியைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

ஆறுகம்பி_சிப்புட்:
இரண்டையும் ஒத்திகையில் வாசித்துப் பார்க்கிறேன். மேடையில் வண்ண விளக்கு நிறைய தொங்கவிடுவார்கள். சிங்கிள் காயில் அங்கே உறுமுமே?

சவுண்ட்செட்_மாமா:
உறுமும். விளக்கு டிம்மரிலிருந்து தள்ளி நில்லுங்க. உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க, ஒரு கோணத்தில் ஹம் தணியும், அங்கேயே நின்று வாசியுங்க. பிக்கப் சுவிட்சை 2 அல்லது 4-இல் (இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் இடம்) வைத்துப் பாருங்க, நடு பிக்கப்பின் சுருள் எதிர்ச்சுற்றாக இருந்தால் ஹம் அழிந்துவிடும். விளக்கெல்லாம் எரியவிட்டு ஒலிச் சோதனை செய்யச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் இப்போதே சொல்லி வையுங்க. பகலில் சோதித்துவிட்டு ராத்திரி மேடை ஏறினால் சஸ்டெய்னை மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.