கருவேல மரத்தில் முள் மாதிரி உட்கார்ந்திருந்து குதிக்கிறது, என்ன பூச்சி?

கேள்வி:
விருதுநகர் பக்கம் எங்கள் காட்டு வரப்பில் ஒரு நாட்டுக் கருவேல மரம் நிற்கிறது. நேற்றுக் காலையில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனேன், முள் குத்திவிடுமே என்று பார்த்துப் பார்த்துக் கை வைத்தால் அதில் ஒரு முள் 'டிக்'கென்று தெறித்து ஓடிவிட்டது. உற்றுப் பார்த்தால் அதே கிளையில் இன்னும் ஆறேழு இருக்கின்றன. ஒரு நெல்மணி அளவுதான், கரும்பழுப்பு, மாட்டுக்கு இருப்பது போல இரண்டு கொம்பு. விரலைக் கிட்டே கொண்டுபோனால் உடனே குதிக்கவில்லை, நைசாகக் கிளையின் மறுபக்கம் நகர்ந்துகொள்கிறது. சுற்றிலும் கட்டெறும்பு. வெட்டுக்கிளிக் குஞ்சா, தத்துப்பூச்சியா? பக்கத்திலேயே கத்தரி போட்டிருக்கிறோம், மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்:
வெட்டுக்கிளி இல்லை அண்ணே. அதற்குப் பின்னங்கால் மடங்கி உடம்புக்கு மேலே தூக்கி நிற்கும். தத்துப்பூச்சி என்று நீங்கள் நினைத்ததுதான் கிட்டத்தட்ட சரி, அதன் சொந்தக்காரப் பூச்சி இது, ஆங்கிலத்தில் ட்ரீஹாப்பர், கௌபக் என்றும் சொல்வார்கள். கொம்பு தலையில் முளைத்ததில்லை. தலைக்குப் பின்னால் இருக்கிற முதுகு ஓடுதான் இரண்டு பக்கமும் கொம்பாக வளர்ந்து, பின்பக்கம் இறக்கைக்கு மேலே ஒரு நீள முள்ளாகவும் போகும், பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். கருவேலத்தில் கட்டெறும்போடு இருப்பதால் அநேகமாக ஆக்சிராக்கிஸ் டராண்டஸ். ஒரு படம் போடுங்கள்.

பதில்:
தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். இது கிளையில் ஊசி வாயைக் குத்திச் சாறு குடிக்கும், மிச்சத்தை இனிப்பு நீராக வெளியே விடும், எறும்பு வருவது அதற்காகத்தான். பதிலுக்குச் சிலந்தி கிலந்தி எதையும் அண்டவிடாது. வளர்ந்த கருவேலத்துக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது. கத்தரியிலும் இந்தக் குடும்பத்துப் பூச்சி வருவது உண்டு, அதனால் தண்டை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், நாலைந்து இருந்தால் கையாலேயே எடுத்துவிடலாம்.

கேட்டவர்:
இன்று காலை மறுபடியும் போய் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். இறக்கை இல்லாத குஞ்சுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. எறும்பு வந்து மீசையால் தட்டத் தட்ட, குஞ்சு வால் நுனியை நீட்டி ஒரு சொட்டு விடுகிறது, அது கீழே விழுவதற்குள் எறும்பு வாயில் வாங்கிக்கொள்கிறது. பால் கறக்கிற மாதிரியே இருந்தது! மருந்து அடிக்கவில்லை. ஆனால் இவ்வளவு சின்ன உடம்பு எப்படி அப்படித் தெறிக்கிறது?

பதில்:
உண்டிவில் மாதிரிதான். தசை மெதுவாக இழுத்து விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அப்புறம் பின்னங்கால் இரண்டும் ஒரே நொடியில் விடுபடும். இதன் உறவான எச்சில் பூச்சியை, அதுதான் செடியில் நுரை கட்டி உள்ளே இருக்குமே, கேம்பிரிட்ஜில் மால்கம் பர்ரோஸ் என்பவர் அளந்து 2003-ல் எழுதினார். 6 மில்லிமீட்டர் பூச்சி 70 சென்டிமீட்டர் உயரம் குதித்ததாம். அடுத்த முறை போகும்போது இளங்கொப்பில் சின்னக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், தாய்ப் பூச்சி அதற்குள்தான் முட்டை வைக்கும்.