செல்டாவில் ஒரு நான்காவது காலக்கோடு: யோசனை தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியில் எங்கள் ஊர்ப் பெடியள் வாசிக்கவென்று செல்டா என்ற நின்டெண்டோ வீடியோ விளையாட்டுத் தொடரை வைத்து ஒரு கற்பனைக் கதை எழுதுகிறேன். ஓரிடத்தில் முட்டி நிற்கிறது.

1998இல் வந்த ஒக்கரினா ஒஃப் டைம் விளையாட்டின் முடிவில்தான் கதையின் காலம் மூன்றாகப் பிரிகிறது. வீரன் லிங்க் தோற்றால் ஒரு வழி, வென்றால் இரண்டு. வென்ற பிறகு இளவரசி செல்டா அவனைச் சிறுவயதுக்குத் திருப்பி அனுப்புகிறாள். அவன் போய்ச் சேர்ந்த பக்கம் மஜோராஸ் மாஸ்க் என்ற அடுத்த விளையாட்டு நடக்கிறது. அவன் விட்டுப்போன பக்கத்தில் வில்லன் கெனன்டோர்ஃப் மீண்டும் எழும்போது காக்க வீரன் இல்லை. தெய்வங்கள் ஹைரூல் நாட்டையே வெள்ளத்தில் மூழ்கடிக்கின்றன. விண்ட் வேக்கர் விளையாட்டில் நாம் படகில் தேடிப்போகும் தீவுகள் அந்த நாட்டின் மலையுச்சிகள்தான். இரணைமடுக் குளம் வான் பாய்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வெள்ளம் மனதை விட்டுப் போகவேயில்லை.

என் கதையில் செல்டா அவனை அனுப்பவில்லை. சரி, ஹைரூல் தப்பலாம். அப்படியென்றால் மஜோராஸ் மாஸ்க் நடக்கும் டெர்மினா நாட்டில் மூன்று நாளில் விழப்போகும் சந்திரனை யார் தடுப்பது? அங்குள்ள நான்கு ராட்சதர்களும், முகமூடி அணிந்து சந்திரனை விழவைக்கும் ஸ்கல் கிட்டின் பழைய நண்பர்கள், அவர்களே வரட்டும் என்பது என் விருப்பம். ஆனால் அவர்களை முதலில் விடுவிக்க ஓர் ஆள் வேண்டும். அது யாராக இருந்தால் பொருந்தும்?

இன்னொன்று: லிங்க் கிழவனான பிறகு கெனன்டோர்ஃப் எழுந்தால் என்ன செய்வது? 2011இல் வந்த ஹைரூல் ஹிஸ்டோரியா என்ற தொடரின் வரலாற்றுப் புத்தகம் கையில் இருப்பவர்கள், லிங்க் போனதற்கும் கெனன்டோர்ஃப் மீண்டும் எழுவதற்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி அதில் உள்ளதைத் தயவுசெய்து எழுதுங்கள்.