குறட்டை, சிபாப், ஃபர்ஸ்ட் கிளாஸ் மெடிக்கல்: டெஸ்ட்டுக்கு நாமாகப் போகலாமா?

நீலவானம்:
அமெரிக்காவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் முடித்துவிட்டேன். ஏர்லைனுக்குப் போக ஃபர்ஸ்ட் கிளாஸ் மெடிக்கல் (விமானிக்கான உடல்தகுதிச் சான்றிதழ்) எடுக்க வேண்டும். ராத்திரி குறட்டை பலமாக இருக்கிறது, நடுநடுவே மூச்சே நின்றுபோகிறது என்று மனைவி பயப்படுகிறாள். காலையில் எழுந்தால் தலைவலி. மெடிக்கலுக்கு முன்பே தூக்கப் பரிசோதனை செய்துகொள்வதா, சான்றிதழ் கைக்கு வந்தபின் பார்த்துக்கொள்வதா? கூடப் படித்தவர்கள் எல்லாரும் வாயைத் திறக்காதே என்கிறார்கள்.

இரவுச்சரக்கு:
தம்பி, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் என்று ஒரு டாக்டர் எழுதிவிட்டால், சிகிச்சை பலன் தரும் வரை 61.53 என்ற விமான விதிப்படி நீங்களாகவே பறப்பதை நிறுத்த வேண்டும். பிறகு ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ் என்கிற சிறப்பு அனுமதி. ஆவணம் அனுப்பு, காத்திரு, இன்னொன்று கேட்பார்கள், மறுபடி காத்திரு. ஏர்லைன் சேர்க்கை உங்களுக்காக நிற்காது. 2013-ல் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) என்ன செய்யப் பார்த்தது என்று மறந்துவிடக் கூடாது. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 40-ஐத் தொட்டவர்கள் எல்லாரும் தூக்கப் பரிசோதனை முடித்தால்தான் மெடிக்கல் என்றார்கள். விமானிகள் சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகுதான் பின்வாங்கினார்கள்.

இடதுசீட்:
பின்வாங்கியதோடு கதை முடியவில்லையே. 2015 மார்ச்சில் புது நடைமுறை வந்தது. எடையை மட்டும் வைத்து யாரையும் நிறுத்துவதில்லை. வரலாறு, அறிகுறி, உடல்நிலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஏஎம்இ, அதாவது மெடிக்கல் கொடுக்கும் டாக்டர், பார்க்கிறார். ஆபத்து அதிகம் என்று பட்டாலும், மற்றபடி தகுதி இருந்தால் சான்றிதழை அன்றே கொடுத்துவிட்டு, பரிசோதனையை முடிக்க 90 நாள் தருகிறார். அந்த 90 நாளும் பறக்கலாம். இதைச் சொல்லாமல் 2013-ஐ மட்டும் காட்டிப் பயமுறுத்துவது சரியில்லை.

நானே சிபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின்) போட்டுத் தூங்குகிறவன்தான், கேப்டனாகப் பறந்துகொண்டுதான் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரின் அறிக்கையும் மெஷினின் பதிவும் ஏஎம்இ மேசைக்குப் போகும். முதல் அனுமதி வாங்குவதுதான் இழுக்கும். அதன்பின் பெரும்பாலும் அவர் அலுவலகத்திலேயே முடிந்துவிடும்.

இரவுச்சரக்கு:
உங்களுக்கு நல்லபடியாக முடிந்தது, சந்தோஷம். ஆனால் அந்தப் பதிவில் என்ன கேட்கிறார்கள் என்பதையும் தம்பிக்குச் சொல்லுங்கள். தூங்கும் வேளைகளில் 75 சதவீதமாவது மாஸ்க் போட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு தூக்கத்துக்கும் சராசரி 6 மணி நேரமாவது வர வேண்டும். பயணிகள் விமானத்தில் பார்ட் 117 என்ற ஓய்வு விதி இருக்கிறது: 10 மணி ஓய்வு, அதில் 8 மணி தடையில்லாத தூக்க வாய்ப்பு. எங்களைப் போன்ற சரக்கு விமானிகளை அந்த விதியிலிருந்தே வெளியே வைத்துவிட்டார்கள். பகலில் மூணு மணி நேரம், இடையில் மறுபடி ஒரு மூணு மணி நேரம் என்று துண்டு துண்டாகத் தூங்குகிறவன் 6 மணி சராசரிக்கு எங்கே போவான்?

தூக்கக்கூடம்:
தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். துண்டுத் தூக்கம் பற்றி இரவுச்சரக்கு சார் சொல்வது உண்மையான பிரச்சினை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நீலவானம் எதைத் தள்ளிப்போட நினைக்கிறார் என்பது திரையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

மூக்கில் வரும் காற்றைக் காட்டும் கோடு திடீரென்று தட்டையாகிவிடும். நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பெல்ட் மட்டும் ஏறி இறங்கும். மூச்சு இழுக்க உடம்பு போராடுகிறது, தொண்டை அடைத்துக் கிடக்கிறது. 10 விநாடி தாண்டினால்தான் கணக்கில் சேர்ப்போம், 40, 50 விநாடி போகிறவர்களும் உண்டு. கொஞ்சம் தாமதித்து ஆக்ஸிஜன் எண் இறங்கும்: 95, 90, 84. அப்புறம் ஒரு பெரிய உறுமல், மூளை அலை விழிப்பைக் காட்டும், மூச்சு திரும்பும். அடுத்த நிமிஷமே மறுபடி முதலிலிருந்து. மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் அது தீவிர நிலை. விடிந்ததும் ஒயரைக் கழற்றும்போது கேட்டால், "நல்லாத் தூங்கினேனே" என்பார்கள். அவருக்குத் தெரியவே தெரியாது.

இடதுசீட்:
2008 பிப்ரவரி 13-ல் ஹவாயில் நடந்ததும் இதேதான். ஹொனலுலுவிலிருந்து ஹிலோவுக்குப் போன ‘கோ’ (go!) என்ற விமான நிறுவனத்தின் 1002-ஆம் விமானம். காலை நேரம், குறுகிய தூரம். விமானிகள் இருவரும் தூங்கிப்போய் ஹிலோவைத் தாண்டிக் கடல்மேல் போய்விட்டார்கள். 18 நிமிஷம் ரேடியோவில் பதிலே இல்லை. கேப்டனுக்குத் தீவிர அப்னியா இருந்தது பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

இரவுச்சரக்கு:
அந்த அறிக்கையை முழுதாகப் படியுங்கள் சார். தூங்கியது இரண்டு பேர். தொடர்ந்து சில நாள் அதிகாலை டூட்டி போட்டதையும் விபத்துகளை விசாரிக்கும் என்டிஎஸ்பி காரணமாகச் சேர்த்திருக்கிறது. மாஸ்க் போடச் சொல்லி விமானியைத் துரத்துகிறவர்கள், டூட்டி நேரத்தை ஏன் இவ்வளவு கறாராகக் கண்காணிப்பதில்லை? என் கோபமே அங்கேதான்.

இடதுசீட்:
அந்தக் கோபத்தில் நானும் உங்களோடு நிற்கிறேன். சரக்கு விமானிகளை 117-ல் சேர்க்காதது அநியாயம். ஆனால் மோசமான ரோஸ்டரில் (டூட்டி அட்டவணையில்) கிடைக்கும் அந்த அஞ்சு மணி நேரத் தூக்கத்தையும் அப்னியா தின்றுவிட்டால், அந்த விமானி நம்மைவிட மோசமான நிலையில் அல்லவா காக்பிட்டில் உட்காருகிறார்? ரோஸ்டர் சரியாகும் வரை தொண்டை அடைத்தபடியே பறக்கச் சொல்வீர்களா?

இரவுச்சரக்கு:
சொல்ல மாட்டேன். சிகிச்சையே வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. தூக்கப் பரிசோதனை என்ற வார்த்தையை எடுப்பதற்கு முன்னால், விமான மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் பேசட்டும். மெடிக்கல் ஃபாரம் நிரப்பாமல், ஆலோசனைக்காக மட்டும் ஏஎம்இ-யைச் சந்திக்கலாம். நடைமுறையைத் தெரிந்துகொண்டு இறங்குவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு போய் மாட்டுவது வேறு.

தூக்கக்கூடம்:
இது நல்ல யோசனை. கூடவே ஒன்று. மெடிக்கலுக்கு நிரப்பும் 8500-8 ஃபாரத்தில் நோய் வரலாறும் கேட்பார்கள், கடந்த 3 வருஷத்தில் பார்த்த டாக்டர்களையும் கேட்பார்கள். தெரிந்தே பொய் எழுதினால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருஷம் வரை சிறை என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. வாயைத் திறக்காதே என்கிற நண்பர்கள் யாரும் அங்கே கையெழுத்துப் போடப்போவதில்லை.

நீலவானம்:
எல்லாருக்கும் நன்றி. ஃபாரத்தைத் தொடாமல் முதலில் ஏஎம்இ-யிடம் ஆலோசனைக்கு நேரம் கேட்டிருக்கிறேன். மனைவியும் வருகிறாள், அவள் பார்த்ததை அவளே சொல்லட்டும். தூக்கக்கூடம், ஒரு சந்தேகம்: பரிசோதனையை வீட்டிலேயே செய்தால் எஃப்ஏஏ ஏற்குமா?

தூக்கக்கூடம்:
வீட்டுப் பரிசோதனையையும் ஏற்பார்கள். ஆனால் கைக்கடிகார ஆப், மோதிரம் இதெல்லாம் செல்லாது. எந்த வகைக் கருவி என்பதை ஏஎம்இ-யிடமே கேட்டுக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு தடவை செலவாகும். சிபாப் மெஷின் கிடைத்தால் முதல் நாளிலிருந்தே பதிவாகிறதா என்று பாருங்கள். மத்தியானக் குட்டித் தூக்கத்துக்கும் மாஸ்க் போடுங்கள், அதுவும் கணக்கில் வரும்.