இறம்பொடை இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சாகிறது, எயார் எடுத்தும் சரிவரவில்லை

நானுஓயா_டொல்பின்:
டொல்பின் வேன், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் ட்ரம் பிரேக். ஆள் நிறைய ஏற்றி நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது, இறம்பொடை தாண்டினதும் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகுது. புசல்லாவையில் அரை மணித்தியாலம் நிறுத்தினால் பழையபடி ஏறி நிற்குது. நாலு சில்லிலும் எயார் எடுத்தாச்சு (பிரேக் லைனில் நின்ற காற்றை வெளியே விட்டாச்சு), மாற்றமில்லை. பிரேக் ஒயில் பிளேன்டி நிறத்தில் இருக்கு. கிளச்சிலும் கோளாறு: காலையில் ரிவர்ஸ் போட்டால் கரகரக்குது, இரண்டு தரம் மிதித்தால் விழுது. பிரேக் மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் சிலிண்டர்) மாற்றணுமா?

ஹட்டன்_ஸ்பானர்:
இப்போதைக்கு மாஸ்டரில் கை வைக்காதீங்க அண்ணே. லைனுக்குள்ளே எயார் இருந்தால் ஆறின வண்டியிலும் பெடல் பஞ்சாத்தான் இருக்கும். சூட்டில் இறங்கி, ஆறினதும் ஏறுதென்றால் காலிப்பருக்குள்ளே (டிஸ்க்கைப் பேட்டால் இறுக்கும் பகுதி) ஒயில் கொதிக்குது. பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். டொட் என்பது பிரேக் ஒயிலின் தர எண். புது டொட் 3 கொதிக்காமல் குறைந்தது 205 பாகை செல்சியஸ் தாங்கணும், 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 தாங்கினாலே போதும் என்பதுதான் அதன் தரம். டொட் 4க்கு அது 230, 155. உங்க ஒயிலின் நிறத்தைப் பார்த்தால் பல வருஷம் மாற்றாதது மாதிரி இருக்கு. எயார் எடுக்கும்போது கொஞ்சம்தான் வெளியே வரும், பழசு அப்படியே உள்ளே கிடக்கும்.

மாஸ்டரைச் சோதிக்க, ஆறின வண்டியில் என்ஜின் ஓட, பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிஷம் பிடிங்க. வெளியே எங்கேயும் கசிவில்லாமல் மெதுவாக இறங்கினால்தான் மாஸ்டருக்குள்ளே ஒயிலை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் கப் விடுது. பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிற்காமல், கருகின வாடை வந்தால் அது பேட், லைனர் சூடு, வேறு கதை.

முழு ஒயிலையும் மாற்றுங்க. சீல் உடைக்காத டொட் 4 ஒரு லீற்றர் வாங்குங்க. பிரேக் ஒயில் டப்பாவில் இருக்கிற பழசை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுங்க. ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. சில்லுப் பக்கம் எயார் வெளியே விடும் நிப்பிளில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஒயில் உள்ள போத்தலில் முக்குங்க. ஒருவர் மிதித்துப் பிடிக்க, நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பெடல் மேலே வருமுன் மூடணும். குமிழி நின்றால் போதாது, தெளிவான புது நிறம் வரும்வரை விடுங்க. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்க. வற்றினால் எயார் ஏறி முதலிலிருந்து தொடங்கணும். பின் அச்சுக்கு மேலே, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வும் அதில் நிப்பிளும் இருந்தால் அதைக் கடைசியாக எடுங்க.

ஒரு முக்கியமான விஷயம்: பழைய மாஸ்டரில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீங்க. கப் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு இருக்கும், அது ரப்பரைக் கிழிக்கும். பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைங்க. எயார் எடுத்த மறுநாளே மாஸ்டர் போறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிறகு ஏன் இவ்வளவு சூடாகுது என்று பாருங்க. காலிப்பர் பின் இறுகியிருக்கலாம், ஹோஸ் உள்ளே வீங்கி ஒயிலைத் திரும்ப விடாமல் பிடிக்கலாம். ஜாக்கில் ஏற்றி மிதித்து விட்டபின் சில்லு கையால் சுற்றணும். இறக்கத்தில் இரண்டாம் கியருக்கு மேல் வேண்டாம், கிளச்சை மிதித்து வண்டியை உருள விடவும் வேண்டாம்.

பண்டாரவளை_டீசல்:
கிளச்சுக்கு நான் சொல்றேன். இரண்டாவது மிதியில் கியர் விழுதென்றால் எயார், இல்லாவிட்டால் கப். பெடலுக்கு மேலே மாஸ்டரின் தண்டு வரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்க, கீழே ஸ்லேவ் சிலிண்டரின் (கியர்பெட்டிப் பக்கம் கிளச்சைத் தள்ளும் சிலிண்டர்) ரப்பர் உறையை இழுத்துப் பாருங்க. ஈரமிருந்தால் எயார் எடுத்துப் பயனில்லை, கப் கிட் போடணும். உள்ளே குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றணும்.

இரண்டும் காய்ந்திருந்தால் எயார் எடுங்க. 150 மில்லிலீற்றர் போதும். நிப்பிள் திறந்திருக்கும்போது கிளச் பெடல் தானாக ஏறாது, மூடினபின் கையால் தூக்கணும். கடைசிக் குமிழி பிடிவாதமாக நின்றால் ஸ்லேவைக் கழற்றி, நிப்பிள் மேலே பார்க்கிற மாதிரிப் பிடித்து, தண்டை மெதுவாக உள்ளே தள்ளுங்க. எயார் டப்பாவுக்கே ஏறிவிடும். கழற்றி வைத்திருக்கும்போது யாரும் பெடல் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

நானுஓயா_டொல்பின்:
நன்றி அண்ணே. டொட் 5 இன்னும் சூடு தாங்கும் என்று கடையில் சொல்றாங்க. கப்பைப் பெற்றோலில் கழுவலாமா?

ஹட்டன்_ஸ்பானர்:
இரண்டும் வேண்டாம். டொட் 5 சிலிக்கோன், பழைய ஒயிலோடு கலக்காது. 5.1 வேறு, அது கலக்கும். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஒயிலிலேயே கழுவுங்க. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்க. மீதியை அடுத்த வருஷத்துக்கு வைக்காதீங்க, திறந்த போத்தலும் ஈரம் இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.